வைஃபை எட்டாத இடத்தில் கேமரா: வெளிப்புற பிரிட்ஜ் அமைப்பது எப்படி?

ரவுட்டர் ஓரிடம், கேமரா வைக்க வேண்டிய கேட் 400, 500 மீட்டர் தள்ளி. இப்படி ஒரு நிலை வந்தால் பலரும் முதலில் தேடுவது ரிப்பீட்டர். வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். நமக்கு நாலா பக்கமும் வைஃபை தேவையில்லை, ஒரே திசையில் போனால் போதும். அதற்குச் சரியானது பாயிண்ட் டு பாயிண்ட் பிரிட்ஜ்: ஒரே மாடலில் இரண்டு வெளிப்புற சிபிஇ (ஆன்டெனாவோடு கம்பத்தில் மாட்டும் வயர்லெஸ் கருவி), இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

நான் பயன்படுத்துவது டிபி-லிங்க் சிபிஇ510. 5 ஜிகாஹெர்ட்ஸ், 13 டிபிஐ ஆன்டெனா (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு அது). யுபிக்விட்டியின் நானோஸ்டேஷன் வகையும் நல்லதுதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மாடல் பக்கம் போகாதீர்கள். இலைகளை அது ஓரளவு தாண்டும் என்பது உண்மை, ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அங்கேதான் முட்டி மோதுகிறது.

1. பாதை

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் உப்பிக்கொண்டு போகும். இதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 500 மீட்டர் தூரத்துக்கு, 5.8 ஜிகாஹெர்ட்ஸில், நடுப்பாதையில் அதன் ஆரம் சுமார் 2.5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது பார்வைக்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர், காலியாக இருக்க வேண்டும். மதில் உச்சியையோ மரக்கிளையையோ உரசிக்கொண்டு போனால் கம்பத்தை உயர்த்துங்கள். நனைந்த இலை சிக்னலை இன்னும் அதிகமாக விழுங்கும். வெயிலில் ஓடும் கேமரா மழையில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

2. மேசையிலேயே செட்டிங்

கம்பத்தில் ஏறிய பிறகு செட்டிங் மாற்றுவது தலைவலி. எல்லாவற்றையும் கீழேயே முடித்துவிடுங்கள். இரண்டு சிபிஇக்கும் ஆரம்ப முகவரி ஒன்றே, 192.168.0.254. ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்து, உங்கள் ரவுட்டரின் வரிசையில் வேறு வேறு முகவரி கொடுங்கள். ரவுட்டர் பக்கம் இருப்பது ஆக்சஸ் பாயிண்ட், கேமரா பக்கம் இருப்பது கிளையன்ட். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 குறியாக்கம், நீளமான பாஸ்வேர்ட். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்: 1080பி கேமரா ஒன்று எச்.265 வீடியோ சுருக்கத்தில் 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரைதான் கேட்கும்.

இனி நிதானமாகப் பாருங்கள், சிக்கல் இங்கேதான். கிளையன்ட் என்பதற்குப் பக்கத்திலேயே கிளையன்ட் ரவுட்டர் என்று ஒரு மோட் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாக வேலை செய்வது போலவே தெரியும். சிக்னல் முழுசாக இருக்கும், அந்தப் பக்கம் லேப்டாப்பைச் செருகினால் இணையமும் வரும். ஆனால் என்விஆரில் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) தேடினால் கேமரா கிடைக்காது. காரணம், கேமரா நேட்டுக்கு (முகவரியை மாற்றி உள்ளே இருப்பதை மறைக்கும் முறை) பின்னால் தனி நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டது. சோதிக்கச் சுலபமான வழி: கிளையன்ட் பக்கம் லேப்டாப்பைச் செருகி ஐபி முகவரியைப் பாருங்கள். அது உங்கள் வீட்டு ரவுட்டர் கொடுத்த முகவரியாக இருந்தால் பிரிட்ஜ் சரி. வேறு வரிசையில் இருந்தால் மோடை மாற்றுங்கள். டபிள்யூடிஎஸ் (இரு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் வசதி) என்ற தேர்வு இருந்தால் இரு பக்கமும் ஆன் செய்யுங்கள்.

மேசையில் அருகருகே வைக்கும்போது டிரான்ஸ்மிட் பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள். சத்தம் அதிகமானால் காது அடைக்கிற மாதிரி, ரிசீவர் திணறும்.

3. மாட்டுவது, திருப்புவது

வெளியில் ஓட்ட வெயில் தாங்கும் கேட்6 நெட்வொர்க் கேபிள், 100 மீட்டருக்குள். சிபிஇக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகு ஒரு முனையை அசைக்காமல் வைத்து, மறுமுனையை முதலில் இடம் வலமாக, அப்புறம் மேல் கீழாகத் திருப்புங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் சில நொடி காத்திருங்கள், அமைப்புப் பக்கத்தில் தெரியும் சிக்னல் எண் உடனே மாறாது. மைனஸ் 50-க்கும் மைனஸ் 65-க்கும் இடையே டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) கிடைத்தால் ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம். மைனஸ் 75-க்குக் கீழே போனால் படம் உடையலாம்.

பிறகு சேர்த்தது

சிபிஇயோடு வந்த பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை) அடாப்டரிலேயே கேமராவையும் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது. அது 24 வோல்ட் பாசிவ் வகை, எதிரே என்ன கருவி என்று பார்க்காமலே மின்சாரம் அனுப்பும். பிஓஇ கேமராக்கள் பெரும்பாலும் 48 வோல்ட் 802.3ஏஎஃப் தரம். கேமராவுக்கென்று தனி பிஓஇ சுவிட்ச் வைத்துவிடுங்கள், அடுத்த கேமராவுக்கும் உதவும்.

இன்னொரு புகார்: நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு நிமிடம் இணைப்பு காணாமல் போகிறது, பிறகு தானே வருகிறது. சேனல் ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். சில 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் கருவி அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். புதிய சேனலும் அதே வகை என்றால், ஒளிபரப்பும் முன் குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்க்க வேண்டும். நாட்டை அமைப்பில் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, டிஎஃப்எஸ் (ரேடாருக்கு வழிவிடும் இந்த விதி) இல்லாத சேனல் ஒன்றை நிலையாக வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.