மௌனமும் செய்தியாக வேண்டும்: கேன் தடத்தில் நேர அட்டவணை அமைக்கும் முறை

சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மின்வாகனத் திட்டப்பணி செய்யும் மாணவர்கள், முடுக்கி மிதியின் அளவு மாறும்போது மட்டும் கேன் தடத்தில் (CAN bus, வாகனத்தின் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் பொதுக் கம்பித்தடம்) செய்தி அனுப்புமாறு நிரல் எழுதுவதைப் பார்க்கிறேன். தடத்தின் சுமை குறைவது உண்மைதான். ஆனால் செய்தி வராதபோது, ஓட்டுநர் காலை அசைக்கவில்லையா அல்லது கம்பி அறுந்துவிட்டதா என்பது மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிய வழியில்லை. ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் மிதியின் இணைப்பானை நானே கழற்றிப் பார்த்தேன். தாங்கியின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த சக்கரம் பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது.

இதற்குத் தீர்வு, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் ஒவ்வொரு கருவியும் தனக்கு ஒதுக்கிய நேரத்தில் பேசுவதுதான். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் குழுவினர் வளர்த்தெடுத்த டிடிபி (TTP, நேர அட்டவணைப்படி செய்தி அனுப்பும்) நெறிமுறையின் அடிப்படையும் இதுவே.

முதலில் நேரக்கூற்றின், அதாவது ஒரு செய்திக்கு ஒதுக்கும் நேரத்துண்டின், நீளத்தைக் கணக்கிடுங்கள். 11 பிட் அடையாள எண்ணும் 8 பைட் தரவும் கொண்ட கேன் செய்தி, திணிப்புப் பிட்களையும் (ஒரே மதிப்பு தொடரும்போது இடையில் செருகப்படும் பிட்கள்) செய்திகளுக்கு நடுவிலான இடைவெளியையும் சேர்த்து அதிகபட்சம் 135 பிட் வரும். நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் அதற்கு 270 மைக்ரோவினாடி ஆகும். ஆகவே 300 மைக்ரோவினாடி ஒதுக்கினால், அட்டவணை திரும்பத் திரும்ப ஓடும் 10 மில்லிவினாடிச் சுற்றுக்குள் 33 கூறுகள் அடங்கும். அவற்றில் மூன்றில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள். நாளை புதிய உணரி ஒன்றைச் சேர்க்கும்போது, பழைய செய்திகளின் நேரத்தைத் தொடாமலே அதற்கு இடம் கொடுக்கலாம்.

அடுத்தது கடிகாரம். 10 லட்சத்தில் 50 பங்கு பிழையுள்ள இரண்டு கடிகாரப் படிகங்கள் எதிரெதிர்த் திசையில் விலகினால், ஒரு நொடியில் 100 மைக்ரோவினாடி வேறுபாடு வந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எல்லாக் கடிகாரங்களையும் சரிசெய்யும் ஒத்திசைவுச் செய்தி அனுப்பினால் அது 1 மைக்ரோவினாடியில் அடங்கும். உண்மையில் கூற்றில் மிஞ்சும் 30 மைக்ரோவினாடியை அதிகம் தின்பது மென்பொருளின் தாமதமே. அதை ஊகிக்காமல் ஆசிலாஸ்கோப்பில் அளந்து பார்க்க வேண்டும். ஒத்திசைவு அனுப்பும் கருவி செயலிழந்தால் அப்பொறுப்பை ஏற்க இன்னொன்றும் தயாராக இருக்க வேண்டும்.

பலர் மறப்பது தானியங்கி மறு அனுப்பலை நிறுத்துவதை. பழுதான செய்தியைக் கேன் கட்டுப்படுத்தி உடனே மீண்டும் அனுப்ப முயன்றால், அது பக்கத்துக் கருவியின் கூற்றுக்குள் நுழைந்துவிடும்.

பெறும் பக்கத்தில், மிதியின் கூறு ஒருமுறை வெறுமையாகப் போனால் பழைய அளவை வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து இருமுறை போனால் முறுக்குவிசையைப் பூஜ்யமாக்குங்கள். கட்டுப்பாடிழந்து ஓயாமல் பேசும் கருவியை மட்டும் இந்த அட்டவணையால் தடுக்க முடியாது. அதற்குத் தனிக் கடிகாரமுள்ள காவல்சுற்று தேவை.

எல்லாம் முடிந்தபின் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே இணைப்பானைக் கழற்றுங்கள். முறுக்குவிசைக் கட்டளை 30 மில்லிவினாடிக்குள் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.