ஊர்ல அம்மா அப்பாவுக்கு டிவி ஸ்டிக் மாட்டிக் குடுக்கும்போது நாம விடுற தவறுகள்

ஆனித் தேருக்கோ பொங்கலுக்கோ லீவு போட்டு ஊருக்கு வாரோம், கையோட நெட் வழியா படம் பாக்குற ஸ்டிக் ஒண்ணு வாங்கிட்டு வந்து டிவி பின்னாடி சொருகி ஒரு படத்த ஓட விட்டுக் காட்டிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிடுதோம். மறுநாளே போன் வரும், "ஏல, டிவி கருப்பா நிக்கு, ஒண்ணும் வரமாட்டேங்கு"ன்னு. எங்க வீடு, அம்பாசமுத்திரத்துல பெரியம்மா வீடு, மேலப்பாளையத்துல சேக்காளி வீடுன்னு ஏழெட்டு வீட்ல நான் மாட்டிக் குடுத்துருக்கேன், முக்காவாசி பிரச்சினை ஸ்டிக்ல இல்ல, முதல் நாள் நாம அவசரத்துல விட்டதுலதான் இருக்கு.

மொதல்ல கரண்ட். டிவி பின்னாடியே யூஎஸ்பி இருக்கேன்னு ஸ்டிக்கோட வயர அதுல சொருகிடுதோம், அங்கதான் தப்பு. பழைய டிவில அந்த யூஎஸ்பி தர்றது பெரும்பாலும் 5 வோல்ட்ல அரை ஆம்பியர், அதாவது ரெண்டரை வாட். ஸ்டிக்கோட டப்பாவுல வார அடாப்டர் குறைஞ்சது 5 வோல்ட் 1 ஆம்பியர் இருக்கும், 4கே மாடல் சிலதுக்கு அதுக்கும் மேல வேணும். இதுல என்னன்னா மெனு வரைக்கும் எல்லாம் ஒழுங்கா வரும், படம் ஓட ஆரம்பிச்சு கரண்ட் கூட இழுக்கும்போதுதான் அணைஞ்சு அணைஞ்சு லோகோவுல வந்து நிக்கும், நாம நெட்தான் சரியில்லன்னு நெனச்சுட்டு நெட்காரர திட்டிட்டு இருப்போம். நிறைய டிவில டிவிய ஆஃப் பண்ணதும் யூஎஸ்பியும் செத்துரும், ராத்திரி ஓட வேண்டிய அப்டேட்டும் போச்சு. அதனால கூட வந்த அடாப்டர சுவத்து ப்ளக்ல போடுங்க, வயர் எட்டலன்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டுங்க. டப்பாவுல குட்டி ஹெச்டிஎம்ஐ வயர் (டிவில ஸ்டிக் சொருகுற ஓட்டைக்கு உள்ள வயர்) ஒண்ணு இருந்தா தூக்கிப் போடாதீங்க, அதுல மாட்டி ஸ்டிக்க டிவி முதுக விட்டு கொஞ்சம் தள்ளி வச்சா சூடும் குறையும் வைஃபையும் நல்லா எடுக்கும்.

அடுத்தது வைஃபை. நம்ம பக்கத்து பழைய வீடெல்லாம் தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுப்படி, பொறவாசல்னு நீளமா போகும், சுவரும் நல்ல கனம். ஃபைபர் போட வார தம்பி வயர் மிச்சமாகட்டும்னு வாசல் பக்கமே மோடத்த வச்சுட்டுப் போயிருவாரு, டிவி ரெண்டு சுவர் தாண்டி உள்ள இருக்கும். அவரு வந்த அன்னைக்கே பக்கத்துல நின்னு டிவி இருக்குற ரூம் வரைக்கும் வயர இழுக்கச் சொல்லுங்க, கூட காசு கேட்டாலும் குடுத்துருங்க. மோடத்துல ரெண்டு பேர்ல வைஃபை வந்துச்சுன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஆனா சுவர் தாண்டுனா படுத்துரும், 2.4 வேகம் கம்மி ஆனா தூரம் போகும், அதனால ஒரே ரூம்னா 5, சுவர் குறுக்க இருந்தா 2.4. வேகம் ரொம்பல்லாம் வேண்டாம், ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 போதும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. போன் ஹாட்ஸ்பாட்டுல ஓட்டிக்கிடலாம்னு நெனைக்காதீங்க, ஹெச்டில ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும், தினம் ஒன்றரை ஜிபி பேக்கு அரை மணில காலி.

பிளானும் பாத்து எடுங்க. நெட்ஃபிளிக்ஸோட 149 ரூவா பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுந்தான், டிவில ஓடாது, இது தெரியாம காசு கட்டிட்டு ஸ்டிக் ரிப்பேர்னு கடைக்கு எடுத்துட்டுப் போனவங்க உண்டு. கேபிளயும் முதல் நாளே கட் பண்ணாண்டாம், ஆடிக் காத்துல மரக்கொப்பு விழுந்து ஃபைபர் அறுந்தா அம்மாவுக்கு சீரியலும் இல்ல நியூஸும் இல்லன்னு ஆயிரும். ரெண்டு மூணு மாசம் ரெண்டும் இருக்கட்டும்.

இன்னும் சில வீட்ல 2006க்கு அப்புறம் அரசு குடுத்த அந்த 14 இஞ்ச் கலர் டிவி ஓடிட்டு இருக்கு. அதுல ஹெச்டிஎம்ஐ கிடையாது, மஞ்ச வெள்ள செகப்பு ஏவி குத்துற ஓட்டைதான். கன்வெர்ட்டர் வாங்குறதா இருந்தா ஹெச்டிஎம்ஐல இருந்து ஏவிக்கு மாத்துறத வாங்கணும், ஏவில இருந்து ஹெச்டிஎம்ஐன்னு அதே மாதிரி டப்பா இன்னொண்ணு இருக்கு, அது இதுக்கு ஆகவே ஆகாது. ஆனா எனக்கென்னமோ இதுக்கு செலவழிக்கிறதே வீண்னு படுது, எழுத்து பொடிசா தெரியும், சின்ன எல்ஈடி டிவி ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க.

இப்ப சொல்லப் போறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஸ்டிக்க மாட்டுனதும், அத நம்ம கணக்குல (அக்கவுண்ட்ல) சேக்கதுக்கு ஸ்க்ரீன்ல ஒரு கோட் நம்பர் வரும், இந்த அட்ரஸ்ல போயி போடுங்கன்னு சொல்லும். பெரியவங்க அத அப்படியே போன் சர்ச்ல அடிச்சா, கஸ்டமர் கேர்னு ஒரு நம்பர் வரும். எங்க பெரியப்பா அப்படித்தான் கூப்பிட்டுட்டாவ. அந்தப் பக்கம் நல்ல தமிழ்ல பேசி, ஆக்டிவேஷன் சார்ஜ் கட்டணும், போன்ல ஒரு ஆப் போடுங்கன்னு சொல்லிருக்கான். நல்லவேளை பக்கத்து வீட்டு மைனி வந்து போன வாங்கி கட் பண்ணிட்டாவ. அந்த ஆப் போட்டிருந்தா நம்ம போன் ஸ்க்ரீன் அப்படியே அவனுக்குத் தெரியும், ஓடிபி வந்தா அதயும் பாத்துருவான். ஸ்டிக்க கணக்குல சேக்கதுக்கு பத்து பைசா கட்ட வேண்டாம், யாருகிட்டயும் போன்ல ஓடிபி சொல்ல வேண்டாம். அதனால கணக்கு சேக்குற வேலைய ஊர விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே முடிச்சிருங்க. ஒருவேள காசு போயிருச்சுன்னா விடியட்டும்னு இருக்காண்டாம், உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கச் சொல்லுங்க, அந்த நம்பர அம்மா போன்ல இன்னைக்கே சேவ் பண்ணி வைங்க.

அதே மாதிரி "எல்லா சேனலும் வாழ்நாள் பூரா ஓசி"ன்னு ஆப்பெல்லாம் முன்னாடியே ஏத்தி விக்கிற பேர் தெரியாத பெட்டி பக்கமே போகாண்டாம். 2025 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்பிஐ இந்த மாதிரி மலிவு பெட்டிகள பத்தி எச்சரிக்கை விட்டுருக்கு, பேட்பாக்ஸ்ங்கிற வைரஸ் சிலதுல விக்கிறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கு, நம்ம வீட்டு நெட்ட நமக்கே தெரியாம கள்ள வேலைக்கு பயன்படுத்துது. அதுல போயி ஜிமெயில் பாஸ்வேர்ட போடுறது வீட்டுச் சாவிய ரோட்டுல வச்ச மாதிரி.

ஐப்பசி கார்த்திகைல இடி இறங்குற நேரம் டிவி ப்ளக்கையும் ஸ்டிக் அடாப்டரையும் சேத்து உருவணும், மாடில இருந்து வார கேபிள் வயரயும் கழத்தணும். சுவிட்ச மட்டும் அமத்துனா பத்தாது.

கடைசியா, எல்லாம் முடிஞ்சதும் ரிமோட்ட அம்மா கைல குடுத்துட்டு நீங்க பேசாம உக்காருங்க. டிவிய ஆன் பண்றதுல இருந்து பாட்டு ஓடுற வரைக்கும் அவங்களே மூணு தடவ பண்ணட்டும், எங்க தடுமாறுதாவன்னு மட்டும் பாருங்க. எங்க பெரியம்மா ஸ்டிக் ரிமோட்டுல தடுமாறவே இல்ல, டிவி ரிமோட்டுல சோர்ஸ் பட்டன் கைபட்டு ஏவிக்கு போயிருந்துச்சு, எனக்கு வந்த "கருப்பா நிக்கு" போன் அத்தனையும் அதுதான். அந்த பட்டன் மேல பச்ச கலர் ஸ்டிக்கர் ஒட்டி, "கருப்பா வந்தா பச்சய அமுக்கி ஹெச்டிஎம்ஐ 2"ன்னு (அங்க ஸ்டிக் அந்த ஓட்டைலதான் இருக்கு) அட்டைல பெருசா எழுதி டிவி பக்கத்துல தொங்க விட்டுட்டு வந்தேன், இப்ப பெரியம்மாவே பாத்துக்கிடுதாவ.