ஒரு மனை, இரண்டு வீடு: சோலாரையும் ஹீட்டிங்கையும் திட்டமிடும் முறை

குளிர் நாட்டில் பெரிய வீட்டுக்குப் பின்னால் அப்பா அம்மாவுக்கென்று ஒரு கிரானி ஃப்ளாட் கட்டும்போது, பலரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?" என்பதைத்தான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் மீட்டர், அடுத்து சிறுவீட்டின் வெப்ப இழப்பு. இந்த இரண்டும் முடிவாகாமல் பேனல் கணக்குப் போட்டால், பிறகு தோட்டத்தைத் தோண்டிக் கேபிளை மாற்ற வேண்டிவரும்.

மீட்டர் ஒன்றா, இரண்டா?

சிறுவீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கினால், பெரிய வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் அங்கே நேராகப் போகாது. மிஞ்சியது கிரிட்டுக்குப் போகும். அதே நேரத்தில் பின்கட்டில் இருக்கும் வீடு கிரிட்டிலிருந்து முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கும். ஏற்றுமதிக்குக் குறைந்த விலை தரும் இடங்களில் இது வருடம் முழுக்க நட்டம். குடியிருப்பது ஒரே குடும்பம் என்றால் ஒரே மெயின் மீட்டர், அதன் பின்னால் சிறுவீட்டுக்குத் தனி டிபி (ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டி), அந்த லைனில் ஒரு சப் மீட்டர் போதும். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று சப் மீட்டர் காட்டிவிடும். பின்னாளில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், தனி மீட்டர் கட்டாயமா என்று மின் விநியோக நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே மீட்டரில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய வீட்டில் இருப்பவர்கள் பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். சமையல், துணி துவைப்பது, பகல் நேர ஹீட்டர் எல்லாம் வெயில் நேரத்தில்தான் நடக்கும். சோலாருக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் கிடைக்காது.

இரு வீட்டுக்கும் இடையிலான கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. காப்பர் கேபிள் போட்டு 32 ஆம்பியர் இழுத்தால் சுமார் 6 வோல்ட் விழும். 16 சதுர மி.மீ. என்றால் 2 வோல்ட் சொச்சம். கம்பி சூடேறினால் இரண்டுமே கூடும். சிறுவீட்டுக் கூரையிலும் பேனல் வைத்து, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அங்கேயே மாட்டினால் பிரச்சினை தலைகீழாகும்: மின்சாரம் திரும்பி வரும்போது இன்வெர்ட்டர் பக்கம் வோல்டேஜ் ஏறி, நல்ல வெயிலில்தான் அது அடிக்கடி நின்றுபோகும். பேனல் கெட்டுவிட்டதோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி மண்ணுக்குள் இருக்கும். பள்ளம் தோண்டும்போதே டேட்டா கேபிளுக்கு இன்னொரு காலிக் குழாயையும் போட்டு மூடுங்கள். இணைப்பு வேலை முழுவதும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையில்தான்.

வெப்ப இழப்பு: இங்கேதான் காசு இருக்கிறது

60 சதுர மீட்டர் சிறுவீடு, 2.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பரப்பையும் அதன் யு-மதிப்பால் (ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கசியும் என்ற எண்) பெருக்கிக் கூட்டினால், உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் கசிகிறது என்று தெரியும். சுவர் 65 சதுர மீட்டர், யு 0.4: 26 வாட். மேற்கூரை 60, யு 0.2: 12. தரை 60, யு 0.4: 24. இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் கதவும் 12, யு 2: 24. இடுக்கு வழியாகப் போகும் காற்றுக்கு, 0.33-ஐ வீட்டின் கன அளவாலும் (150 கன மீட்டர்) மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதாலும் (0.5) பெருக்குங்கள்: 25. மொத்தம் ஒரு டிகிரிக்கு 111 வாட். வெளியே 0 டிகிரி, உள்ளே 21 என்றால் 2.3 கிலோவாட் போதும்.

அதே வீட்டில் மேற்கூரைக்கு இன்சுலேஷன் இல்லாமல் (யு 2), ஒற்றைக் கண்ணாடியும் (யு 5.5) இடுக்குக் காற்றும் (1.5 முறை) இருந்தால் 6.5 கிலோவாட் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த வித்தியாசத்தை எத்தனை பேனல் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. ஹீட்டிங் அதிகம் தேவைப்படுவது குளிர்கால இரவில். பேனல் அப்போது சும்மா இருக்கும். மேகம் மூடிய குளிர்காலப் பகலில் ஒரு கிலோவாட் பேனலுக்கு ஒரு யூனிட் கிடைத்தாலே பெரிது. முதல் பணம் மேற்கூரை இன்சுலேஷனுக்கும் இடுக்கு அடைப்பதற்கும் போகட்டும்.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். 21-ஐ வைத்துக் கணக்கிடுங்கள்.

இரு வீட்டுக்கும் ஒரே பெரிய ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தரும் மெஷின்) வைத்து, மண்ணுக்கடியில் குழாய் ஓட்டும் யோசனை வேண்டாம். வழியில் சூடு மண்ணுக்குக் கசியும். ஒருவருக்கு 19, இன்னொருவருக்கு 22 என்ற சண்டையும் தீராது. சிறுவீட்டுக்கென்று ஒரு சிறிய ஹீட் பம்ப் போதும். 2.3 கிலோவாட் தேவைக்கு 7 கிலோவாட் மெஷினை மாட்டினால் அது ஓடி, நின்று, மறுபடி ஓடி என்று மின்சாரத்தையும் தின்று ஆயுளையும் குறைத்துக்கொள்ளும். வாங்கும்போது உங்கள் ஊரின் மிகக் குளிரான நாளில் அது எவ்வளவு தருகிறது என்ற எண்ணைக் கேளுங்கள்; அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது வெளியே 7 டிகிரி இருக்கும்போது தரும் எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். வெளி யூனிட்டை உறங்கும் அறை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். தன்மேல் படிந்த பனியை உருக்கும்போது அது தண்ணீர் விடும். நடைபாதையில் வழிந்து உறைந்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

வெந்நீர்

200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 10.5 யூனிட் வெப்பம் வேண்டும். ஹீட் பம்ப் டேங்க் அதை 3.5 யூனிட் மின்சாரத்தில் முடிக்கும். அது ஒரு கிலோவாட்டுக்குள் மெதுவாக இழுப்பதால், காலை 10-க்கு டைமர் வைத்தால் பெரும்பகுதி சோலாரிலேயே முடிந்துவிடும். உடனடி மின் ஷவர் 7 முதல் 10 கிலோவாட் வரை ஒரே மூச்சில் இழுக்கும். சோலார் வீட்டுக்கு அது பொருந்தாது.

டேங்கில் 60 டிகிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும். ஆனால் அந்தச் சூடு முதியவரின் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும். டேங்குக்கும் குளியலறைக்கும் இடையே வெந்நீரோடு தண்ணீரைக் கலக்கும் கலவை வால்வு வைத்து, குழாயில் 45 டிகிரி வரும்படி செய்யுங்கள். இதை விட்டுவிடவே கூடாது.

பேனலும் பேட்டரியும்

440 வாட் பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர். 10 கிலோவாட்டுக்கு 23 பேனல், 46 சதுர மீட்டர். சிறுவீட்டுக் கூரை தாழ்வாக இருப்பதால் குளிர்காலத்தில் பெரிய வீட்டின் நிழல் அதன்மேல் விழுகிறதா என்று பாருங்கள். 38-ஆம் அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலில் உச்சி வெயிலே 28 டிகிரி சொச்ச உயரத்தில்தான் நிற்கும். 3 மீட்டர் உயர்ந்த கூரை முகட்டின் நிழல் 5.5 மீட்டர் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம்.

பேட்டரியை மாலை நேரச் செலவுக்கு அளந்து வாங்குங்கள்; குளிர்கால ஹீட்டிங்குக்கு நம்பாதீர்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டியவை எவை என்று முன்பே எழுதி வையுங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 350 வாட் என்றால் ஒரு நாளைக்கு 8.4 யூனிட், 10 யூனிட் பேட்டரி அதற்கே சரியாகிவிடும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் பேட்டரி ஒரு ஃபேஸைத்தான் காப்பாற்றும். சிறுவீடு வேறு ஃபேஸில் இருந்தால் பேட்டரி நிறைந்திருந்தும் அம்மா இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக சிடி (CT). மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லும் சின்ன வளையம் அது. மெயின் மீட்டருக்கு அடுத்து, சிறுவீட்டு லைன் பிரிவதற்கு முன்னால் அதைக் கவ்வ வேண்டும். பிரிந்த பிறகு பெரிய வீட்டுக் கேபிளில் கவ்வினால் சிறுவீட்டின் செலவு பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. வளையத்தின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தலைகீழாகப் போட்டால் இறக்குமதியை ஏற்றுமதி என்று காட்டும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன், மாலையில் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போது சிறுவீட்டில் ஒரு 2 கிலோவாட் ஹீட்டரைப் போடச் சொல்லி, இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பைப் பாருங்கள். வீட்டுச் செலவு 2 கிலோவாட் ஏறி, பேட்டரி வெளியேற்றமும் அதே அளவு ஏறினால் சரி. ஏறாவிட்டால் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள்.