பைப்பில் செங்காவி: ஆசிட் பாட்டிலை எடுப்பதற்கு முன்னால்

கொங்குப் பக்கம் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க ஆத்துத் தண்ணி, மற்றதுக்கெல்லாம் உப்புத் தண்ணி. இந்த இரண்டாவது லைனில்தான் குழாய் வாயில் செங்காவி பூக்கும், வெள்ளை வேட்டி பழுப்பேறும். உடனே கடைக்குப் போய் ஆசிட் பாட்டில் வாங்கி வருகிறோம். தவறு அங்கேயே ஆரம்பம்.

படிந்திருப்பது இரும்புதானா என்று முதலில் பாருங்கள். நம் பாறைத் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்து, எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. இரும்பு செம்பழுப்பாக இருக்கும், நுரைக்காது. இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஃபிளஷ் டேங்குக்குள் வழவழவென்று காவிப் பாசி மாதிரி இருந்தால் இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா. அதைச் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. கிணற்றுக்கே குளோரின் போட வேண்டியிருக்கும்.

அடுத்த தவறு, இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விடுவது. மோட்டார் போட்டு, தண்ணீர் தொட்டிக்குப் போகும் முன்பே கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீர் சில மணி நேரத்தில் காவியாக மாறினால், கரைந்த இரும்பு காற்றுப் பட்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். பாட்டில் தெளிவாகவே இருந்து, காலையில் முதல் வாளி மட்டும் சிவப்பாக வந்தால் குற்றவாளி உங்கள் பைப்தான். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் மேல்தொட்டியை இரண்டு முறை தேய்த்துக் கழுவினோம். துரு, தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கு இறங்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் இருந்தது!

டி.டி.எஸ். மீட்டரை நம்பி ஏமாறுகிறவர்களும் நிறைய. அது மொத்த உப்பைத்தான் சொல்லும், இரும்பைத் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை விழும்; அந்த மீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ வேறு நல்ல ஆய்வகத்திலோ இரும்பு அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஆசிட்டுக்கு வருவோம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை லைனுக்குள் ஊற்றினால் துரு போகும், கூடவே ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சும் போகும். அப்புறம் முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மொசைக் தரையில் சிந்தினால் தரையும் அரித்துப் போகும். இதைவிட ஆபத்து, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பது. வருவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் உயிருக்கே உலை. வேட்டியின் காவிக்கறைக்கும் பிளீச் ஆகாது, கறை இன்னும் கெட்டியாகும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

குழாய் முனைச் சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்தால் போதும். ராத்திரி முழுக்க ஊற விட்டால் குரோம் பூச்சு மங்கிவிடும்.

அம்மிச்சி காலத்துத் தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் இறக்கும். கரைந்த இரும்பைத் தொடாது. கரைந்த இரும்புக்குக் காற்று வேண்டும். தொட்டிக்குள் தண்ணீர் ஓட்டை போட்ட பைப் வழியாகச் சிதறி விழட்டும், ராத்திரி தெளியட்டும். வீட்டுக்குப் போகும் பைப்பைத் தொட்டியின் அடியோடு வைத்தால் படிந்த வண்டல் எல்லாம் வீட்டுக்குள்தான் வரும். நான்கு விரல் உயரத்தில் வையுங்கள். இரும்பு அதிகமென்றால் தனி ஃபில்டர் வேண்டும். அதை வாங்கியவர்களில் பலர் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்வதே இல்லை. ஃபில்டர் இல்லாமல் நேராக ஆர்.ஓ. வைத்தாலோ, மெம்ப்ரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கழுவும்போது வரிசை முக்கியம். வீட்டுக்குப் போகும் லைனின் கேட் வால்வை மூடி, தொட்டியைத் தேய்த்து அதன் அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற்றிய பிறகுதான் லைனைத் திறக்க வேண்டும். அப்போதும் கீசருக்குப் போகும் வால்வு மூடியே இருக்கட்டும்; மற்ற குழாய்களில் தெளிந்த தண்ணீர் வந்த பிறகு திறந்தால் போதும்.