வினையூக்கி, சுய ஒருங்கமைவு ஆய்வுக்குள் வருவது எப்படி?

வினையூக்கியையும் (வினையை வேகப்படுத்தும் பொருள்) சுய ஒருங்கமைவையும் (மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காகச் சேர்வது) கொண்டு மக்கும் பிளாஸ்டிக் மாதிரியான பொருட்களை உருவாக்கும் ஆய்வாளராக வேண்டுமா? கரிம வேதியியலை முதலில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) வேதியியலை. 2005-ல் நோபல் பரிசு பெற்ற, கார்பன் இரட்டைப் பிணைப்புகள் ஜோடி மாற்றிக்கொள்ளும் மெட்டாதெசிஸ் வினையையும், 1987-ல் பரிசு பெற்ற லேன், கிராம், பெடர்சன் மூவரின் வேலையையும் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிணைவது பற்றியது) படியுங்கள், இரண்டு துறைகளுக்குமே அவை நல்ல தொடக்கம்.

ஆய்வகத்தில் கை பழகுவதுதான் பெரிய விஷயம். லாக்டைடு என்ற வளைய மூலக்கூறைத் திறந்து பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்கைச் செய்யும்போது, குடுவையில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரமே பாலிமர் சங்கிலியைக் குட்டையாக்கிவிடும், அதனால் கண்ணாடிச் சாமான்களைச் சூட்டில் நன்றாக உலர்த்தி, நைட்ரஜன் சூழலில் வேலை செய்யுங்கள். திட வினையூக்கி என்றால் வினை பாதியில் இருக்கும்போதே சூடாக வடிகட்டுங்கள்; வடிகட்டிய திரவத்திலும் வினை தொடர்ந்தால் வினையூக்கியில் உள்ள உலோகம் கரைந்து வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

சுய ஒருங்கமைவைக் கண்ணால் பார்க்கலாம். நீரை விரும்பும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் கொண்ட பாலிமரை, தண்ணீரோடு கலக்கும் கரைப்பானில் கரைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள்: பாலிமர்கள் தாமாகவே சிறு துகள்களாகத் திரள, தெளிந்த கரைசல் மெல்ல நீலம் பூத்தாற்போல் மங்கும். எனக்கு இன்றும் அந்த நொடி பிடிக்கும்.

முனைவர் பட்டத்தை ஒரு துறையில் முடித்து, போஸ்ட்டாக்கை (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியை) மற்றதில் செய்யுங்கள். சேருமுன் வழிகாட்டியின் பழைய மாணவர்களிடம் பேசிவிடுங்கள்.