யாழ்ப்பாணத்திலிருந்து கயிலை யாத்திரைக்கு ஆயத்தமாதல்

கயிலை யாத்திரைக்குப் பெயர் கொடுக்கும் யாழ்ப்பாணத்தவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது தாம் புறப்படும் நிலத்தின் உயரத்தை. குடாநாடு கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே மட்டுமே கிடக்கிறது. இலங்கையின் அதியுயர்ந்த பீதுருதாலகாலை மலையும் 2,524 மீற்றருடன் முடிந்துவிடுகிறது. ஒட்சிசன் குறைந்த உயரத்தில் உடலை வருத்தும் உயரநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்குவதால், நுவரெலியாக் குளிரைத் தாங்கியதும் சிவனொளிபாதமலை ஏறியதும் கால்களுக்குப் பயிற்சியாகுமே தவிர, உயரத்தை உடல் எப்படித் தாங்கும் என்பதற்குச் சான்றாகா. மானசரோவர் ஏரி ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. கயிலையைச் சுற்றும் 52 கிலோமீற்றர் பாதையில் வரும் டோல்மா லா கணவாய் 5,600 மீற்றரையும் கடக்கிறது. காற்றில் ஒட்சிசனின் விகிதம் அங்கும் மாறுவதில்லை. ஆனால் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியளவாகக் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் ஏறத்தாழப் பாதியாகிறது.

ஆகவே உடுப்புகளைத் தேடுவதற்கு முன், உடல் உயரத்துக்குப் பழகுவதற்கான நாட்களைத் தேட வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் ஒரு மேலதிக இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பொது விதி. காத்மண்டுவிலிருந்து திபெத்தின் எல்லை ஊரான கேருங் வழியாகச் செல்லும் வாகனப் பாதையில் இந்த விதியை முழுமையாகப் பின்பற்றவே முடியாது. ஏறத்தாழ 2,700 மீற்றரில் உள்ள கேருங்கிலிருந்து 4,400 மீற்றருக்கு மேலுள்ள சாகா என்ற திபெத்திய ஊருக்கு ஒரே பகலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். காத்மண்டு 1,400 மீற்றர் உயரம் மட்டுமே என்பதால், விசாவுக்காக அங்கே காத்திருக்கும் நாட்களும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. கேருங்கில் இரண்டு இரவும் சாகாவில் இரண்டு இரவும் தங்கும் ஒழுங்கையே தெரிவு செய்யுங்கள். கட்டணம் மலிவாக இருக்கும் ஒழுங்குகளில் பெரும்பாலும் வெட்டப்பட்டிருப்பவை இந்த இரவுகள்தான். பணம் சேமிக்க வேண்டுமானால் வேறெதிலாவது சேமிக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் வைத்தியரைக் காணுங்கள். யாத்திரைக்குச் செல்வோரில் ஓய்வுபெற்றவர்கள் பலர். இருதயம், நுரையீரல், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பார்க்காமல் புறப்படுவது பக்தியாகாது. டயமொக்ஸ் என்ற பெயரில் அறியப்பட்ட அசெற்றசோலமைட் மாத்திரையை, ஏறத் தொடங்குவதற்கு முதல்நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இரு வேளை கொடுப்பது வழமை. இதனால் விரல்நுனி கூசும், சிறுநீர் கூடும். சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடுமாதலால் அதைப் பெரிய பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உட்பையிலும், இரவில் படுக்கைக்குள்ளும் வைத்திருங்கள்.

மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத நிலத்தில் ஏற்றத்துக்குப் பழகுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு மணற்காட்டு மணல்மேடுகளைக் காட்டலாம். ஐந்தாறு கிலோ எடையுள்ள பையைச் சுமந்துகொண்டு, யாத்திரைக்கு அணியப்போகும் அதே சப்பாத்துடன், கால் புதையும் மணலில் காலை வேளைகளில் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. வடமராட்சி தொலைவென்றால் மாடிப்படிகள் போதும். திசம்பர் முதல் மே வரையான பருவத்தில் ஒருமுறை சிவனொளிபாதமலை ஏறிவந்தால், சப்பாத்து எங்கே கடிக்கிறது என்பதும் முழங்கால் எங்கே நோகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சப்பாத்தை மட்டும் இங்கேயே வாங்கிப் பழக்கிவிட வேண்டும். தடித்த கம்பளிக் காலுறையுடன் அணிந்தபோது விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். பஞ்சுபோன்ற இறகு நிரப்பிய தடித்த மேலங்கியையும் தூக்கப்பையையும் காத்மண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம்; வாழ்நாளில் ஒருமுறை அணியும் அங்கிக்கு இங்கே பெரும்பணம் கொடுப்பது வீண். உடலோடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது பிளீஸ் சட்டை, அதன்மேல் காற்றும் மழையும் புகாத அங்கி என்று அடுக்கடுக்காக அணிந்து, நடக்கும்போது சூடேறினால் கழற்றி, நின்றதும் மீண்டும் போட வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடலைக் குளிர்விக்கும் என்பதால் வேட்டியைப் பூசை வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை, காதை மூடும் தொப்பி, நல்ல கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கு வாசிலின், வெயில் தடுக்கும் களிம்பு ஆகியவையும் வேண்டும். உயரம் கூடக் கூடப் புறவூதாக் கதிர் கூடுகிறது, எங்கள் வெயிலுக்குப் பழகிய தோலும் அங்கே உரியும்.

அங்கே 4,500 மீற்றரில் தண்ணீர் 85 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு சரியாக வேகாது, பசியும் குறைந்துவிடும். சமைக்கத் தேவையில்லாத மாச்சத்து உணவு கையில் இருப்பது நல்லது, அதற்கு எங்கள் வீட்டு அலுமாரியே போதும்: எள்ளுருண்டை, பினாட்டு, பனங்கட்டி, பருத்தித்துறை வடை, வெந்நீரில் கரைக்கக்கூடிய சத்துமா. புழுக்கொடியலைத் துண்டாகக் கொண்டுபோகாமல் மாவாக இடித்துச் சீனி சேர்த்துக் கொண்டுபோகலாம். வாய் உலர்ந்த நிலையில் அதைக் கடிப்பது பெரும்பாடு. காற்றடைத்த பைக்கற்றுகள் உயரத்தில் ஊதி வெடிக்கும், ஆகவே காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். விரதகாரர் இதைக் கவனிக்க வேண்டும்: சுற்றுப்பாதையில் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் நடப்பது ஆபத்து. நாவுக்கரசர் உடல் தேயத் தேய ஊர்ந்தும் கயிலையை எட்டாமல் திருவையாற்றிலேயே காட்சி பெற்றார் என்பதை நம்மவர் அறியாதவர்கள் அல்லர்.

குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும். கைப்பேசியையும் பவர் பாங்கையும் இரவில் படுக்கைக்குள் வையுங்கள். எங்கள் சதுர முள் செருகி அங்கே பொருந்தாது, மாற்றுச் செருகி ஒன்று எடுங்கள். நெற்றியில் கட்டும் ரோச் லைற்றும் வேண்டும்.

ஒட்சிசன் குடுவையை நம்பி மேலே போகக் கூடாது. அது சற்று நேரத்துக்கு ஆறுதல் தரும், நோயைத் தீர்க்காது. தலையிடியுடன் வாந்தி, சோர்வு, தலைச்சுற்று ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், அன்றைக்கு அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட வேண்டும். நித்திரைக் குளிகையும் மதுவும் கூடவே கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ, ஒரு காலின் குதி மறுகாலின் விரல்நுனியைத் தொட நேர்கோட்டில் நடக்க முடியாமற் போனாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்க வேண்டும். இந்த நிலையில் உள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சாதிப்பார் என்பதால், யாரை யார் கவனிப்பது, யார் கூட இறங்குவது, வாகனத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதைக் குழுவில் உள்ளவர்கள் புறப்படுமுன்பே இங்கே கூடிப் பேசி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.