வீல்சேர் பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை பழக வரும் பையன்களும் சரி, வீட்டிலேயே ஸ்பேனரை எடுத்துவிடும் மருமகன்களும் சரி, எலெக்ட்ரிக் வீல்சேருக்குப் பேட்டரி மாற்றும்போது ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது ஒரு பொறி பறந்தாலே புரிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது

பெரும்பாலான வீல்சேர்களிலும் மொபிலிட்டி ஸ்கூட்டர்களிலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட் கொடுக்கும். மீட்டர் வைத்தால் ஒன்று 12.7 காட்டும், இன்னொன்று 11.8. "ஒன்னு நல்லாத்தானே இருக்கு, மத்தத மட்டும் மாத்துங்க" என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும் எனக்கு.

சார்ஜருக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியாது. மொத்த வோல்ட்தான் கணக்கு. சக்தி குறைந்த பழைய பேட்டரி சீக்கிரம் நிரம்பிவிடும். புதுசு நிரம்பாததால் சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கும். பழையது சூடாகி, உள்ளே ஈரம் வற்றி, வயிறு உப்பும். புதுசுக்கோ அரைவயிறு சார்ஜ்தான். நாள்பட நாள்பட அதன் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். ஓட்டும்போதும் பழையதுதான் முதலில் காலியாகும்.

மதுரை சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விற்றவர் பேச்சைக் கேட்டு ஒன்றை மட்டும் மாற்றினார். கோடை முடிவதற்குள் கோரிப்பாளையம் போகும்போது ஏ.வி. பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன். சக்கரத்தை விடுவிக்கும் லீவர் எங்கே என்று தெரியாமல் நாலு பேர் வண்டியைத் தூக்கியே ஓரங்கட்டியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது பழைய பேட்டரி உப்பிப்போய்ப் பெட்டிக்குள் இறுகிக் கிடந்தது. வாரைப் பிடித்து இழுத்தால் வார்தான் அறுந்தது. புதுசும் தேறவில்லை. ஒரு பேட்டரிக் காசை மிச்சம் பிடிக்கப்போய் மூன்று பேட்டரிக்குக் கொடுத்தார்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதத் தயாரிப்பு, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

கார் பேட்டரி, யூபிஎஸ் பேட்டரி

கார் பேட்டரி ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கானது. யூபிஎஸ் பேட்டரி கரண்ட் போனால் மட்டும் வேலை செய்வது. தினமும் காலியாகி நிரம்ப, டீப் சைக்கிள் வகையில் ஏஜிஎம் (ஆசிடைக் கண்ணாடி நார்ப் பாய் உறிஞ்சி வைத்திருப்பது) அல்லது ஜெல் (ஆசிட் கூழாக இருப்பது) பேட்டரிதான் வேண்டும்.

ஏஎச் எண்ணை மட்டும் பார்ப்பது

ஏஎச் (ஆம்பியர்-அவர்) என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற எண். அது எத்தனை மணி நேரக் கணக்கு என்றும் பாருங்கள். 20 மணி நேரக் கணக்கில் 20 ஏஎச் என்று போட்டிருப்பது, 2 மணி நேரத்தில் இழுத்தால் அவ்வளவு தராது. இ-பைக்குக்கு வரும் 6-டிஇசட்எம்-20 பேட்டரியின் 20 ஏஎச், 2 மணி நேரக் கணக்கு. எண் ஒன்றுதான், சரக்கு வேறு.

தேதி பார்க்காமல் வாங்குவது

தகரக் கொட்டகை குடோனில் மதுரை வெயிலைக் குடித்துக் கிடந்த சரக்கு, சும்மா இருந்தே சார்ஜ் இழந்திருக்கும். கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 12.5க்குக் கீழே காட்டினால் வேண்டாம்.

லித்தியம் பேட்டரிக்குப் பழைய லெட்-ஆசிட் சார்ஜர்

கூடவே கூடாது.

பழசை எடைக்குப் போடுவது

புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்வார்கள்.